துருவில் மூச்சுவிடும் கடலடிச் சேறு

நம்பிக்கைகளும் உண்மைகளும்

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் விரிகுடாவில் ஆய்வாளர்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைக் கடலடிச் சேற்றில் இறக்குவார்கள். சேறு குலையாமல் குழாயோடு மேலே வரும். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறிக்கொண்டே போவது தெரியும். உச்சியில் பழுப்பு, அதற்குக் கீழே சாம்பல், இன்னும் கீழே கறுப்பு. கறுப்புப் பகுதியை அறுத்துத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கும். ஆக்சிஜனை அளக்கும் ஊசியை உள்ளே செருகினால், உச்சியில் சில மில்லிமீட்டர் தாண்டியதுமே முள் சுழியத்துக்கு வந்துவிடும். பழுப்பு நிறமோ சில சென்டிமீட்டர் வரை இறங்குகிறது.

ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் பழுப்பு தீராத இந்த இடைவெளியில்தான் இன்றைய விஷயம் இருக்கிறது. அந்தப் பழுப்பு வேறொன்றுமில்லை, துரு. பலவகை இரும்பு ஆக்சைடுகள். அதைப் பிடித்துக்கொண்டு வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. அப்பட்டமான பொய்களைவிட அவற்றில் பாதி உண்மையாக இருப்பவைதான் தொல்லை, எனவே அவற்றுக்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

“ஆக்சிஜன் இல்லாத சேற்றில் உயிர் இருக்காது”

இதற்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். கரையோரக் கடலின் மேல்மட்டச் சேற்றில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால், அதில் நூறு கோடி அளவில் நுண்ணுயிர்கள் இருக்கும். அவற்றில் பல ஆக்சிஜன் பட்டாலே செத்துப்போகும் ரகம்.

இதைத் திருத்தப்போய் எதிர்த்திசையில் வழுக்குபவர்களும் உண்டு. ‘கடலடிச் சேறு என்றாலே ஆக்சிஜன் இருக்காது’ என்பார்கள். தென் பசிபிக்கின் நட்டநடுவில் 2010-இல் கடலடியைத் துளையிட்ட ஆய்வுப் பயணம் வேறு செய்தி கொண்டுவந்தது. அங்கே சேற்றின் அடிவரைக்கும், கீழே கிடக்கும் எரிமலைப் பாறை வரைக்கும் ஆக்சிஜன் இருந்தது. மேலிருந்து விழும் உணவு அங்கே அவ்வளவு குறைவு. உணவு குறைந்தால் அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்க்கும் கூட்டமும் குறைந்துவிடும். ஆக்சிஜன் தீர்வதும் தீராததும் சேற்றின் குணமல்ல, அதில் விழும் உணவின் அளவு.

“இரும்பைத் தின்னும் பாக்டீரியா”

டைட்டானிக் கப்பலைப் பாக்டீரியா தின்றுகொண்டிருக்கிறது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டும். அந்தச் சிதைவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2010-இல் ஹாலோமோனாஸ் டைட்டானிக்கே என்று பெயரும் வைத்தார்கள். அது உலோக இரும்பின் கதை. சேற்றில் இருப்பது ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்த இரும்பு. அதிலிருந்து உணவாக எடுக்க ஒன்றுமில்லை.

ஆக்சிஜனற்ற சேற்றில் நுண்ணுயிர்களின் உணவு, செத்து விழுந்த பாசியும் மீன் கழிவும் சிதைந்து வரும் அசிட்டேட், ஹைட்ரஜன் போன்றவைதான். உணவை உடைத்தால் எலக்ட்ரான்கள் வெளிவரும். அவற்றை எங்காவது இறக்கிவைத்தால்தான் ஆற்றல் கிடைக்கும், அடுத்த வாய் உணவையும் உடைக்க முடியும். நாம் அவற்றை ஆக்சிஜனிடம் இறக்குகிறோம். நமக்கு மூச்சு என்பதன் வேலையே அதுதான். சேற்றுயிர்கள் துருவிடம் இறக்குகின்றன. துருவில் உள்ள ஃபெரிக் இரும்பு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஃபெரஸ் இரும்பாகிறது, நீரில் கரையக்கூடியதாகிறது. ஆக, இரும்பு அவற்றின் சாப்பாடு அல்ல, மூச்சுக் காற்று.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பின்னால் தேவைப்படும். சர்க்கரை போன்ற கரிமப்பொருளில் உள்ள ஒரு கார்பன் அணுவை முழுதாகக் கரியமில வாயுவாக்க நான்கு இரும்பு அணுக்கள் வேண்டும். சல்பேட் என்றால் ஒரே மூலக்கூறு இரண்டு கார்பனைக் கவனித்துக்கொள்ளும். துரு அவ்வளவு சிக்கனமான மூச்சல்ல.

இது நுண்ணுயிரின் வேலை என்று ஒப்புக்கொள்ளவே காலம் பிடித்தது. சேற்றில் துரு கரைவது வெறும் வேதியியல், பாக்டீரியா சும்மா பக்கத்தில் இருக்கிறது என்றே நிலவியலாளர்கள் பலர் நினைத்திருந்தார்கள். 1988-இல் இரண்டு ஆய்வுகள் அதைப் புரட்டின. அமெரிக்காவின் பொட்டாமக் ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, அசிட்டேட்டைத் தின்று துருவிடம் எலக்ட்ரானை இறக்கியே வாழ்வதை டெரிக் லவ்லியும் எலிசபெத் பிலிப்ஸும் காட்டினார்கள். பிறகு அதற்கு ஜியோபாக்டர் மெட்டாலிரெடியூசன்ஸ் என்று பெயரானது. அதே ஆண்டில் சார்ல்ஸ் மையர்ஸும் கென்னத் நீல்சனும் நியூயார்க் மாநிலத்து ஒனைடா ஏரியிலிருந்து இன்னொன்றை எடுத்து, அது மாங்கனீசு ஆக்சைடை இப்படிப் பயன்படுத்துவதைக் காட்டினார்கள். இன்று ஷூவனெல்லா ஒனைடென்சிஸ் எனப்படும் அதற்குத் துருவும் ஒத்துவரும்.

இரண்டுமே நன்னீர்ச் சேற்றில் பிடிபட்டவை. கடலுக்கென்று தனி ஆட்கள் இருக்கிறார்கள். டெசல்ஃபுரோமோனாஸ் குடும்பம் அவற்றில் முக்கியமானது. ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளில், ஆண்டு முழுதும் உறைநிலையை ஒட்டியே இருக்கும் கடலடியிலிருந்தும் இந்த வகை கிடைத்திருக்கிறது. குளிர் அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. கட்டுரைகளில் ஜியோபாக்டர் படத்தைப் போட்டுவிட்டு ‘கடலடி’ என்று எழுதுவது நடக்கிறது. கொஞ்சம் கவனித்தால் தவிர்க்கலாம்.

“துருவைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன”

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆக்சிஜனும் நைட்ரேட்டும் சல்பேட்டும் செல்லுக்குள் போகும்போது இரும்பு மட்டும் ஏன் போகாது? ஏனென்றால் அது துகள். கடல்நீரின் காரத்தன்மையில் ஃபெரிக் இரும்பு கிட்டத்தட்டக் கரைவதே இல்லை, துகளோ பாக்டீரியாவின் சவ்வுக்குள் நுழையாது. மூச்சுக் காற்று வீட்டுக்குள் வராது என்றால் மூச்சை வாசலுக்கு வெளியே விட வேண்டியதுதான். உண்மையில் நடப்பதும் அதுவே.

ஷூவனெல்லாவின் வெளிச்சவ்வில் ஒரு புரதக் குழல் குறுக்காகப் பதிந்திருக்கிறது. அதன் உள்ளே ஒரு சைட்டோகுரோம், வெளிப்பக்கம் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து ஹீம்கள். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமுக்கு நெருங்கிய உறவுதான், நடுவில் ஓர் இரும்பு அணு. இருபது ஹீம்களும் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் வரிசைகட்டி நிற்க, எலக்ட்ரான் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிச் சவ்வின் மறுபுறம் வந்து துருத் துகளில் இறங்குகிறது. துருவோடு பேசுவதற்கு இரும்பையே வைத்திருக்கிறது என்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம்.

துகள் எட்டாத தூரத்தில் இருந்தால் ஷூவனெல்லா ஃப்ளேவின் என்ற சிறு மூலக்கூறுகளை வெளியே விடும். அவை எலக்ட்ரானைச் சுமந்துபோய்த் துருவில் இறக்கிவிட்டுத் திரும்பும். சேற்றிலேயே கிடக்கும் மட்கிய கரிமப்பொருள்களும் இதே வேலையைச் செய்யும். ஜியோபாக்டர் இன்னொரு வகை. கரைந்த இரும்பு தட்டில் கிடைத்தால் அது வாலே வளர்க்காது. கரையாத துரு மட்டும்தான் என்றால் உடனே சாட்டை போன்ற நீந்தும் உறுப்பை முளைக்கவைத்து, ஃபெரஸ் இரும்பு கசியும் திசையை மோப்பம் பிடித்து நீந்தும். 2002-இல் இதைப் படித்தவர்கள் அசந்துதான் போனார்கள்.

பிறகு வந்தது ‘நானோ கம்பி’. ஜியோபாக்டரின் உடலிலிருந்து நீளும் பிலி என்ற மெல்லிய புரத மயிர்கள் மின்சாரம் கடத்துகின்றன, அவைதான் துருவைத் தொடும் கம்பிகள் என்று 2005-இல் லவ்லியின் குழு அறிவித்தது. பாடப்புத்தகங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. 2019-இல் நிகில் மல்வங்கரும் எட்வர்ட் ஈகல்மனும் இடம்பெற்ற குழு, உறையவைத்த மாதிரிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அளவுக்குப் பார்த்தபோது கம்பியின் உள்ளே பிலி புரதம் இல்லை. ஆறு ஹீம் கொண்ட ஒரு சைட்டோகுரோம் மணிமாலைபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து நின்றது. லவ்லி தரப்பு அதை உடனே ஒப்பவில்லை, வாதம் தொடர்ந்தது. ஷூவனெல்லாவின் ‘கம்பிகள்’ வெளிச்சவ்வே இழுபட்டு நீண்டவை என்று 2014-லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ‘பாக்டீரியாவின் மயிரில் மின்சாரம்’ என்ற 2005-இன் படம் இன்றும் வகுப்பறைச் சுவர்களில் தொங்குகிறது. திருத்தம் எப்போதும் முதல் செய்தியின் வேகத்தில் ஓடுவதில்லை.

“ஆக்சிஜன், நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட், கடைசியில் மீத்தேன்: வரிசை மாறாது”

அட்லாண்டிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதிச் சேற்றை வைத்து ஃப்ரோலிக்கும் உடன்பணியாற்றியவர்களும் 1979-இல் கொடுத்த படிக்கட்டு இது. அதிக ஆற்றல் தருவது முதலில் தீரும், அடுத்தது பிறகு. படிக்கட்டு தப்பு என்று சொல்ல மாட்டேன். அதன் படிகளுக்கு நடுவே சுவர் இருப்பதாக நினைப்பதுதான் தப்பு.

முதல் காரணம், துரு என்பது ஒரே பொருள் அல்ல. புதிதாக விழுந்த ஃபெரிஹைட்ரைட் தளர்ந்த, நீர் கலந்த துகள். கோயதைட்டும் ஹேமடைட்டும் படிகம் இறுகியவை. சல்பைடு கலந்த நீரில் ஒவ்வொரு தாதுவும் பாதி கரைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று 1992-இல் டான் கேன்ஃபீல்டும் கூட்டாளிகளும் கணக்கிட்டார்கள். ஃபெரிஹைட்ரைட்டுக்குச் சில மணி நேரம், ஹேமடைட்டுக்கு ஒரு மாத அளவு, சில சிலிக்கேட் தாதுக்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள். நுண்ணுயிர் பெறும் ஆற்றலும் அதே போக்கில் மாறும். ஃபெரிஹைட்ரைட் கிடைக்கும் இடத்தில் இரும்பு சல்பேட்டை முந்தும். ஹேமடைட் மட்டும் மிச்சம் என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும், சில இடங்களில் சல்பேட்டே முந்தும். டீக்கே போஸ்ட்மாவும் ராஸ்மஸ் யாகோப்சனும் 1996-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இரண்டாவது, கீழே புதைந்த துரு சும்மா கிடப்பதில்லை. ஆர்ஹூஸ் விரிகுடாவில் சல்பேட் தீர்ந்து மீத்தேன் ஆளும் ஆழத்திலும் சல்பேட் உண்டாவதை 2011-இல் கண்டார்கள். பழைய துரு சல்பைடைத் தாக்கிக் கந்தக வகைகளாக மாற்ற, அவற்றில் கொஞ்சம் மீண்டும் சல்பேட்டாகிறது. பாக்டீரியா அதை உடனே பயன்படுத்திவிடுவதால் அளவீட்டில் சல்பேட் கிட்டத்தட்ட இல்லை என்றே தெரியும். சுழற்சி மட்டும் நடந்துகொண்டிருக்கும். வரிசைப்படி அங்கே இரும்பும் சல்பேட்டும் எப்போதோ ‘முடிந்துபோன’ கதை.

இதிலிருந்து இன்னொரு எச்சரிக்கையும் வருகிறது. சேற்றில் துரு குறைந்தால் அதைப் பாக்டீரியாதான் நேரடியாகப் பயன்படுத்தியது என்று முடிவுகட்டக் கூடாது. சல்பேட்டை மூச்சாக்கும் பாக்டீரியா விடும் ஹைட்ரஜன் சல்பைடும் துருவைக் கரைக்கும். ஆளும் வேறு, வழியும் வேறு. விளைவு ஒன்றுபோலவே இருக்கும்.

“களிமண்ணுக்குள் பூட்டிய இரும்பு எதற்கும் எட்டாது”

ஸ்மெக்டைட் என்ற களிமண் இல்லைட் என்ற இன்னொரு களிமண்ணாக மாறுவது எண்ணெய்த் தேடலில் முக்கியமான அடையாளம். ஆய்வகத்தில் அதை நடத்த 300 முதல் 350 டிகிரி வெப்பமும், பெரும் அழுத்தமும், நான்கைந்து மாதமும் வேண்டும் என்று கருதினார்கள். 2004-இல் ஷூவனெல்லாவை இரும்பு நிறைந்த ஸ்மெக்டைட்டோடு அறை வெப்பத்தில் விட்டபோது 14 நாளில் இல்லைட் வந்தது. களிமண்ணின் சட்டகத்துக்குள் இருக்கும் இரும்புக்கே எலக்ட்ரானைக் கொடுத்து, சட்டகத்தையே குலைத்துவிட்டது. சல்பைடுக்கு அசையாத கதவுகளில் சில பாக்டீரியாவுக்குத் திறக்கும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

“கடல் சேற்றில் சல்பேட்தான் எல்லாம், இரும்பு வெறும் சில்லறை”

இந்த நம்பிக்கைக்குப் பலமான ஆதாரம் உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு 28 மில்லிமோல் சல்பேட் கரைந்திருக்கிறது, கிணறு வற்றாது. கரையோரச் சேற்றில் எரியும் கார்பனில் பாதி அளவு சல்பேட் வழியாகவே என்று போ பார்க்கர் யோர்கென்சன் 1982-இல் மதிப்பிட்டார். இரும்போ ஓர் அணு கார்பனுக்கு நான்கு கேட்கிறது. சேற்றில் உள்ள துருவைக் கூட்டிப்பார்த்தால் சீக்கிரமே தீர்ந்துபோகவேண்டும்.

ஆனால் கேன்ஃபீல்ட், போ தாம்ட்ரூப், இன்னொருவர் சேர்ந்து 1993-இல் டேனிஷ் கடற்பகுதிகளில் அளந்தபோது இரும்பு ஏராளமான கார்பனை எரித்துக்கொண்டிருந்தது. இருப்புக்கும் செலவுக்கும் ஒத்துப்போகாத இந்தக் கணக்குக்கு ஒரே விடை, அதே இரும்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வோர் இரும்பு அணுவும் நிரந்தரமாகப் புதைவதற்கு முன் 100 முறைக்கும் மேல் துருவாகவும் ஃபெரஸாகவும் மாறி மாறிச் சுற்றிவருகிறது. சந்தையில் காலை முதல் மாலை வரை கைமாறும் ஒற்றை நூறு ரூபாய் நோட்டு எத்தனை ஆயிரத்துக்கு வியாபாரம் நடத்துகிறதோ, அந்த மாதிரி. பெட்டியை எண்ணினால் நூறுதான் தெரியும்.

சுற்ற வைப்பது யார்? சேற்றுப் புழுக்கள். துருவை நுண்ணுயிர் கரைத்ததும் ஃபெரஸ் இரும்பு நீரோடு மேலே ஊறி, ஆக்சிஜன், நைட்ரேட், மாங்கனீசு ஆக்சைடு எதையாவது தொட்டதும் மறுபடி துருவாகிறது. அது அங்கேயே தங்கிவிட்டால் கீழே உள்ளவற்றுக்குப் பயனில்லை. புழுக்கள் வளை தோண்டி, மேல் சேற்றைக் கீழேயும் கீழ்ச் சேற்றை மேலேயும் புரட்டிப்போடுகின்றன. வளைக்குள் நல்ல தண்ணீரைப் பீய்ச்சவும் செய்கின்றன. முதல் பத்தியில் கண்ட பழுப்பு ஆக்சிஜனைத் தாண்டி இறங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். அதனால் மேலே ஆக்சிஜன் குறைந்து புழுக்கள் செத்துப்போகும் கடல்களில், இரும்பின் சுழற்சி சட்டென்று படுத்துவிடும், சல்பேட் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும். மீனவருக்கும் புழுவுக்கும் ஒரே நேரத்தில் வரும் இழப்பு அது.

புழு இல்லாமலும் சுற்றும். அமேசான் ஆற்றின் முகத்துக்கு எதிரே உள்ள கடலடியில் ஓதமும் அலையும் மேல் சேற்றை அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் ஆழம் வரை மறுபடி மறுபடி கலக்குகின்றன. ஆறு கொண்டுவரும் துருவும் ஏராளம். சல்பேட் தாராளமாக இருந்தும் சல்பைடு அங்கே பெரிதாகச் சேர்வதில்லை என்று ராபர்ட் ஆலரின் ஆய்வுகள் காட்டின. அலைதான் அங்கே புழுவின் வேலையைச் செய்கிறது.

சராசரி என்ன என்றால், 2000-இல் தாம்ட்ரூப் தொகுத்த அளவீடுகளில் கண்டத்திட்டுச் சேறுகளில் எரியும் கார்பனில் 17 சதவீத அளவு இரும்பின் பங்கு. சல்பேட்டை மிஞ்சவில்லை, சில்லறையும் இல்லை. டென்மார்க்குக்கும் நார்வேக்கும் இடையிலான ஸ்காகெராக் கடலில் 700 மீட்டர் ஆழமுள்ள ஓர் இடத்தில் இரும்பையும் ஓரங்கட்டி மாங்கனீசே கிட்டத்தட்ட முழு வேலையையும் செய்தது. ஒரு சேற்றின் விதியை அடுத்த சேற்றுக்குப் போட முடியாது.

“கறுத்த சேறு என்றால் சாக்கடை”

கழிமுகத்தில் நடக்கும்போது கால் பதிந்த இடம் கறுத்துக் கிடப்பதைப் பார்த்து இப்படிச் சொல்கிறார்கள். கறுப்பு, இரும்பு சல்பைடு. மனிதர் வாடையே இல்லாத அலையாத்திக் காட்டிலும் அது இருக்கும். ஒரு பிடியை எடுத்துக் காற்றில் பரப்பி வையுங்கள், சில மணி நேரத்தில் மேற்பரப்பு சாம்பலாகிப் பழுப்பாகத் தொடங்கும். சாக்கடை நீர் சேர்ந்தால் கறுப்பு வேகமாக மேலே ஏறும் என்பது மட்டும் மெய். உணவு பெருகினால் துரு சீக்கிரம் தீரும்.

கறுப்பு கெட்டதும் அல்ல. ஹைட்ரஜன் சல்பைடு நஞ்சு, அதைப் பிடித்துவைத்திருப்பதே இரும்பு. பிடிக்க இரும்பு இல்லாமல் போனால்தான் வாயு தண்ணீருக்கு வந்து மீன் செத்து மிதக்கும். நெதர்லாந்தின் கிரேவலிங்கன் உப்பேரியில் கேபிள் பாக்டீரியா என்னும் உயிர்கள் குளிர்காலத்தில் ஆழத்து இரும்பு சல்பைடைக் கரைத்து, இரும்பை மேலே அனுப்பிச் சேற்றுக்குத் துரு மூடி போட்டுவைக்கின்றன. கோடையில் கிளம்பும் சல்பைடை அந்த மூடி மறிக்கிறது என்று 2015-இல் காட்டினார்கள்.

நிரந்தரமாகப் புதையும் இரும்பில் ஒரு பகுதி கடைசியில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு தாதுவாகிறது. நீருக்கு அடியில் இருக்கும்வரை அது பரமசாது. கேரளத்துக் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழுள்ள நிலத்தை வடித்து நெல் வைத்தபோது, கரி நிலங்களில் இருந்த பைரைட் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமானது. அங்கே மண்ணின் பி.எச். 4-க்கும் கீழே இறங்கும். விவசாயி சுண்ணாம்பு போட்டுச் சமாளிக்கிறார்.

“சேற்றிலிருந்து வீட்டுக்கு மின்சாரம்”

முடியாது. கடலடியில் கிராஃபைட் தகடு புதைத்தால் டெசல்ஃபுரோமோனாஸ் துருவுக்குப் பதில் தகட்டிடம் எலக்ட்ரானை இறக்கும், மின்னோட்டம் வரும். இது 2002-இல் நிரூபணமானது. பொட்டாமக்கில் ஒரு வானிலை மிதவை அப்படி ஓடியதை 2008-இல் வெளியிட்டார்கள். கிடைத்த திறன் சில பத்து மில்லிவாட். ஒரு சாதாரண எல்.இ.டி. பல்புக்கே 9 வாட் வேண்டும். பேட்டரி மாற்ற ஆள் போக முடியாத இடத்துக் கருவிக்கு இது வரப்பிரசாதம். அதற்கு மேல் எழுதுவது வியாபாரம்.

“துரு இருந்தால் கார்பன் எரிந்துவிடும்”

இவ்வளவு நேரம் நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு வரக்கூடிய நம்பிக்கை. உலகின் பல கடல்களிலிருந்து எடுத்த சேற்றில் துருவை மட்டும் வேதிமுறையில் கரைத்தெடுத்து, அதோடு சேர்ந்து வெளிவந்த கரிமத்தை கரீன் லலோந்தும் உடனிருந்தோரும் 2012-இல் அளந்தார்கள். சேற்றின் மொத்தக் கரிமத்தில் சுமார் 21.5 சதவீதம் துருவோடு பிணைந்து கிடந்தது. பிணைந்த கரிமம் நுண்ணுயிருக்கு எளிதில் எட்டாது. ஆகப் பழுப்புத் துகளின் மேற்பரப்பில் இரண்டு வேலை நடக்கிறது: எலக்ட்ரானை வாங்கிக் கரிமத்தை எரிய வைப்பதும், தன்மேல் ஒட்டிய கரிமத்தை எரியாமல் மறைப்பதும். துகள் எவ்வளவு இறுகிய படிகம், எந்தக் கரிமம் எப்படி ஒட்டியது என்பதைப் பொறுத்து எது வெல்லும் என்பது மாறும். இப்படி இரும்பின் தயவில் மேல்மட்டக் கடல் சேறுகளில் தங்கியிருக்கும் கரிமம் 1,900 கோடி முதல் 4,500 கோடி டன் வரை என்று அதே ஆய்வு மதிப்பிட்டது.